குளிசையின் பெயர்: கல்முனைக் கரையோரத்தில் நீரிழிவு மருந்துகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கண்டறிந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில், எந்த ஆய்வுகூடத்தில், எவரால் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்ததும் வரலாறு முற்றுப்பெற்றதாகக் கருதப்படுகிறது. அம்மருந்து ஒரு குறிப்பிட்ட மக்கட் கூட்டத்தினரின் கையை எவ்வழியால் வந்தடைந்தது, எப்பெயரில் வந்தது, என்ன விலைக்கு விற்கப்பட்டது, அதனை உண்போருக்கு எம்மொழியில் விளக்கம் அளிக்கப்பட்டது என்பன வரலாற்றாசிரியரின் கவனத்தை ஈர்ப்பதில்லை. இக்கட்டுரையில் நாம் அவ்வினாக்களையே எழுப்ப முனைகிறோம். நீரிழிவு மருந்தின் பாதுகாப்பு அதன் வேதியியற் கட்டமைப்பில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. அது நோயாளியின் வீட்டை அடையும் பாதையிலும் தங்கியுள்ளது என்பதே எமது கருத்து. இலங்கையில் அப்பாதை ஒருமுறை திட்டமிட்டு மாற்றியமைக்கப்பட்டது. பின்னர் அம்மாற்றம் பெருமளவிற் கைவிடப்பட்டது. அவ்விரண்டின் விளைவுகளையும் கல்முனைக் கரையோர ஊர்களில் இன்றும் காணலாம்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதியை அறியாதோர்க்குச் சில சொற்கள் கூறல் வேண்டும். பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே பொத்துவில் வரை நீளும் ஒடுங்கிய நிலப்பரப்பு இது. முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாலையிற் கோத்தாற்போல அடுத்தடுத்து அமைந்துள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல். 1961ஆம் ஆண்டு வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் பாற்பட்டிருந்தது. இன்றும் சுகாதார நிருவாகத்தில் இது அம்பாறையினின்றும் பிரிந்து, கல்முனைப் பிராந்தியம் எனத் தனித்து இயங்குகிறது. நாட்டில் நிருவாக மாவட்டங்கள் 25 ஆகவும் சுகாதாரப் பிராந்தியங்கள் 26 ஆகவும் இருப்பதற்குக் கல்முனையே காரணம். கல்முனை நகரிலோ ஒன்றுக்கொன்று மிக அண்மையில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன: ஒன்று கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, மற்றையது அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. இவ்விரட்டைத் தன்மையின் அரசியற் பின்னணி இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயின் நோயாளி ஒருவர் இரண்டிலும் மருந்து பெறுதல் கூடும் என்பது எமது பொருளுக்கு இன்றியமையாத செய்தியாகும்.

இந்நோய்க்கு இப்பகுதி மக்கள் வழங்கும் பெயர்கள் பல. நீரிழிவு என்பது எழுத்து வழக்கு. சலரோகம் என்பது முதியோர் வாய்ச்சொல். சீனி வருத்தம் என்பதே எல்லார்க்கும் பொதுவான பேச்சு. சித்த மருத்துவர் மதுமேகம் என்பர். ஆங்கில மருத்துவம் வருமுன்னரே இந்நோய் இனங்காணப்பட்டிருந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று. யூனானி வைத்தியரும் ஊர்ப் பரிகாரிமாரும் ஆவாரை, நாவற்கொட்டை, சிறுகுறிஞ்சா, பாவற்காய் முதலியவற்றைக் கொண்டு வைத்தியம் செய்தனர். இவற்றை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் அறிவியல் நோக்கு ஆகாது. இலங்கை மூலிகைகள் சிலவற்றுக்குக் குருதிச் சீனியைக் குறைக்கும் ஆற்றல் உண்டென்பதை 1980களில் உள்நாட்டு ஆய்வாளர்களே பரிசோதனை வாயிலாகக் காட்டியுள்ளனர். ஆனால் ஆற்றல் உண்டென்பதிலேயே ஆபத்தும் அடங்கியிருக்கிறது. பிரித்தானியாவில் வாழ்ந்த தென்னாசியப் பெண்ணொருவர், குளோர்ப்ரோப்பமைட் குளிசை உண்டுவருங் காலத்திற் பாவற்காய்க் கறியும் உண்டதனால் மருந்தின் விளைவு எதிர்பார்த்ததினும் மிகுந்தமை 1979இல் லான்செற் சஞ்சிகையிற் பதிவாகியுள்ளது. இரண்டு மருத்துவங்களையும் ஒருங்கே கையாளும் நோயாளி, ஒன்றைப் பற்றி மற்றைய வைத்தியரிடம் கூறாதுவிடுவதே இங்குள்ள இடர். கூறாமைக்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. வைத்தியர் ஏசுவார் என்னும் அச்சமும் ஒரு காரணமாகும்.

இனி மருந்துகளின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குவோம். 1921இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங், பெஸ்ற், மக்லியொட், கொலிப் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 சனவரியில் அது முதன்முதலாக நோயாளிச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர் கண்டுபிடிப்பாளர். பின்வந்த கதையுடன் ஒப்பிடுமிடத்து அச்செயலின் பெருமை புலனாகும். வாயால் உட்கொள்ளும் மருந்துகளோ தற்செயலாய்ப் பிறந்தவை. 1942இல் பிரான்சின் மொன்பெலியே நகரில், நெருப்புக்காய்ச்சல் நோயாளர்க்குப் புதியதொரு சல்பனமைட் மருந்தைக் கொடுத்த ஜான்போன் என்னும் மருத்துவர், அவர்களின் குருதிச் சீனி ஆபத்தான அளவுக்கு வீழ்ந்தமையை அவதானித்தார். அவருடைய சகாவான லூபாத்தியே அதனை ஆராய்ந்து, அம்மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது என்று நிறுவினார். சல்பொனைல்யூரியா வகைக் குளிசைகளின் மூலம் இதுவே. இவ்வகை மருந்தின் முதல் அறிகுறியே நோயாளியின் சீனி அளவிறந்து வீழ்ந்தமைதான் என்பதை மனத்திருத்துதல் நன்று. 1950களின் நடுப்பகுதியில் தொல்புற்றமைட்டும், அதனையடுத்துக் குளோர்ப்ரோப்பமைட்டும், 1960களின் இறுதியிற் கிளைபென்கிளமைட்டும் சந்தைக்கு வந்தன. வேறொரு வழியில், ஐரோப்பிய மூலிகை ஒன்றின் ஆய்விலிருந்து கிளைத்த மெற்போமினை 1957இல் ஜான் ஸ்ரேர்ன் நீரிழிவு மருந்தாக வெளியிட்டார். அதன் உடன்பிறப்பான பென்போமின், குருதியில் இலற்றிக் அமிலத்தைப் பெருக்கி உயிர்களைப் பறித்தமையால் ஐக்கிய அமெரிக்காவில் 1977இல் தடைப்பட்டது. அப்பழி மெற்போமினையும் தொட்டது. அந்நாட்டில் அது அங்கீகாரம் பெற 1994ஆம் ஆண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இம்மருந்துகள் இலங்கைக்கு வந்தபோது தத்தம் சொந்தப் பெயரில் வரவில்லை. தொல்புற்றமைட் ஹெக்ஸ்ற் கம்பனியின் ரஸ்ரினோனாக வந்தது. குளோர்ப்ரோப்பமைட் பைசர் கம்பனியின் டயபினீஸாக வந்தது. கிளைபென்கிளமைட் டயோனிலாக வந்தது. மருந்து ஒன்று, பெயர் பல என்னும் நிலை தனியார் சந்தையின் இயல்பாயிற்று. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு விலை இருந்தது. வைத்தியரைச் சந்திக்கும் கம்பனி முகவர் ஒருவரும் இருந்தார்.

இந்நிலையை மாற்ற எடுக்கப்பட்ட முயற்சியின் நாயகர் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். மருந்தியற் பேராசிரியராகவும் பேராதனை மருத்துவ பீடத்தின் தலைவராகவும் விளங்கிய அவர் லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அவர் சமர்ப்பித்த அறிக்கை, மருந்து இறக்குமதியை ஒரே அரச நிறுவனத்தின் கீழ்க் கொணர வேண்டும் எனவும், மருந்துகளை வணிகப் பெயராலன்றிப் பொதுப்பெயரால் வழங்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. அதன் பேறாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோற்றம் பெற்றது. பிபிலே அதன் முதற் தலைவரானார். தனியார் துறைக்கென இறக்குமதியான 2,100க்கு மேற்பட்ட மருந்து வகைகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. ‘ஒசுசல’ என்னும் பெயருடைய அரச மருந்துக் கடைகள் திறக்கப்பட்டன.

இச்சீர்திருத்தத்தில் நீரிழிவுக் குளிசைகள் வகித்த இடம் போதிய அளவு எடுத்துக் காட்டப்படவில்லை. பிபிலேயும் பொருளியலறிஞர் சஞ்சய லாலும் சேர்ந்து எழுதிய ஆய்விற் காட்டப்பெறும் மூலப்பொருள் விலைகளுள் மிகக் கூர்மையான வேறுபாடு குளோர்ப்ரோப்பமைட்டிலேயே காணப்படுகிறது. பைசர் நிறுவனம் தனது மூலப்பொருளுக்கு விதித்த விலை கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 126 டொலர். கூட்டுத்தாபனம் உலகச் சந்தையில் விலை கோரியபோது அதே பொருள் கிலோ ஒன்றுக்குப் பத்து டொலருக்குட் கிடைத்தது. தொல்புற்றமைட்டின் விலையும் இவ்வாறே பத்து மடங்குக்கு மேல் வீழ்ச்சியுற்றது. தாய்க்கம்பனி தன் கிளைக்கம்பனிக்கு விற்பதாகக் கணக்கெழுதி, அந்நியச் செலாவணியை நாட்டினின்றும் கொண்டுசென்ற வழியே இது. வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உண்ண வேண்டிய குளிசையில் இம்முறை கையாளப்பட்டமை தற்செயலன்று. காய்ச்சலுக்கு வாங்கும் மருந்து ஒரு வாரத்தில் முடியும்; நீரிழிவு நோயாளியோ சாகும்வரை வாடிக்கையாளர். நெசவாளியோ மீனவரோ வயற்கூலியோ குளிசையின் விலை ஏறியபோது செய்யக்கூடியது ஒன்றே: மூன்று வேளையை இரண்டாக்குவது, ஒரு மாதத்து மருந்தை இரண்டு மாதத்துக்கு நீட்டுவது. ஆகவே விலை என்பது பொருளாதாரப் பிரச்சினை மட்டுமன்று, மருந்தளவுப் பிரச்சினையும் ஆகும்.

சீர்திருத்தம் எதிர்ப்பின்றி நடந்தேறவில்லை. 1974இல் கூட்டுத்தாபனம் மலிவாகக் கொள்வனவு செய்த தெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கூட்டிலடைக்கப் பைசர் மறுத்தபோது, அத்தொழிற்சாலையை அரசுடைமையாக்க வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. அமெரிக்கத் தூதுவர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவைச் சந்தித்தார், கோரிக்கை கைவிடப்பட்டது. பிபிலே 1977 செப்டெம்பரில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியிற் கயானாவில் இருந்தபோது காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டமையும், இலங்கையில் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் புகுந்தமையும் வரலாற்றின் முரண்நகை. கூட்டுத்தாபனம் தொடர்ந்து இயங்கியது. ஆனால் இறக்குமதியில் அதற்கிருந்த தனியுரிமை போயிற்று. வணிகப் பெயர்கள் திரும்பி வந்தன.

முற்போக்கு எழுத்துகளில் பிபிலேயின் கொள்கை ஏகபோக எதிர்ப்பின் வெற்றியாக மட்டும் போற்றப்படுவதுண்டு. நாம் அதனுடன் உடன்படினும், இரு விடயங்களைச் சேர்த்துக் கூற விழைகிறோம். முதலாவது, பொதுப்பெயர் வழங்குதல் நோயாளியின் பாதுகாப்புக்கான ஏற்பாடும் ஆகும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர் இருந்தால், ஒரே பொருளை இருமுறை உண்ணும் ஆபத்து அருகும். இரண்டாவது, பொதுப்பெயரை எதிர்த்தோர் கூறியவை அனைத்தும் கம்பனிகளின் குரலன்று. குளிசையின் சேர்மானம் சிறிது மாறினாற்கூட உடல் அதனை ஏற்கும் அளவு மாறும் என்பதற்கு 1968இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியான சான்றே தொல்புற்றமைட் பற்றியதாகும். எனவே பொதுப்பெயருக்குத் தரப் பரிசோதனை உடன்செல்ல வேண்டும். அப்பரிசோதனையைச் செய்யப் போதிய கூடங்களும் ஆட்களும் இல்லாத நாட்டிற் பொதுப்பெயர் மீது ஐயம் வளரும். ‘ஆஸ்பத்திரிக் குளிசை பிடிக்காது, கடைக் குளிசைதான் பிடிக்கும்’ என்று எமது ஊர்களில் வழங்கும் பேச்சு அவ்வையத்தின் எச்சமே. அரசாங்கம் 1987இல் இரத்மலானையில் தொடங்கிய உற்பத்திக் கூட்டுத்தாபனம் மெற்போமின் குளிசையைச் செய்து வருகிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை நிறுவியது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. இவை பிபிலேயின் பெயரால் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளாயினும், ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்னும் அவரது மூலக்கருத்து இன்னும் மருந்துக் கடையின் தட்டுக்கு வந்துசேரவில்லை.

கல்முனைக் கரையோர வீடொன்றில் அதன் விளைவை நோக்குவோம். இப்பகுதி முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறையும், மணமகன் பெண்வீட்டிற் குடியேறும் வழக்கமும் உண்டு. ஆகவே முதிய தாய்மாரின் மருந்தைக் கவனிப்போர் பெரும்பாலும் பெண்மக்களே. அவர்களுட் பலர் வேலை தேடி மத்திய கிழக்குக்குச் சென்றபோது, உம்மாவின் குளிசை பேரப்பிள்ளையின் பொறுப்பாயிற்று. மாதக் கிளினிக்கில் பெற்ற குளிசை ஒரு பையில். தனியார் வைத்தியர் எழுதிக் கடையில் வாங்கியது இன்னொரு பையில். கட்டாரிலிருந்தோ சவூதியிலிருந்தோ மகள் அனுப்பியது மூன்றாவது பையில். முதலாவதில் கிளைபென்கிளமைட் என்றும், இரண்டாவதில் டயோனில் என்றும் எழுதியிருக்கலாம். இரண்டும் ஒன்றே. இரண்டையும் உண்ணும் முதியவர் தம் அளவின் இருமடங்கை உண்கிறார். அம்மருந்து ஒருநாள் முழுதும் தொழிற்படுவது. சிறுநீரகம் தளர்ந்த உடலில் அதனினும் நீளும். மாலை நேரத்தில் வியர்வை, நடுக்கம், பேச்சுத் தடுமாற்றம் தோன்றும்போது பேரப்பிள்ளை அதனை வயோதிபத்தின் தளர்ச்சி என்றோ, ‘பிறஷர் கூடிற்று’ என்றோ எண்ணக்கூடும். வாயில் ஒரு கரண்டி சீனி இட்டால் தீரக்கூடிய இடர், அறியாமையால் மயக்கமாய் முதிர்கிறது. சீனி கொடுத்து எழுந்தபின்னும் அபாயம் நீங்கிற்றென எண்ணலாகாது. குளிசை உடலில் உள்ளவரை சீனி மீண்டும் வீழும். அத்தகையவரை வைத்தியசாலையில் ஒருநாளேனும் வைத்திருத்தல் வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டோர்க்குக் கிளைபென்கிளமைட் ஏற்றதன்று என உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் பின்னாளில் வெளிப்படையாகவே குறித்தது. கிளிக்கிளசைட் அதனினும் பாதுகாப்பானதெனத் தெரிவு செய்யப்பட்டது. குளோர்ப்ரோப்பமைட்டின் செறிவு உடலிற் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 36 மணித்தியாலம் செல்லும் என்பதால் அது பெரும்பாலான நாடுகளில் வழக்கொழிந்தது.

மெற்போமினின் இடர் வேறு வகையினது. தனித்து உண்ணும்போது அது சீனியை அளவிறந்து வீழ்த்துவது அரிது. ஆனால் சிறுநீரகம் பழுதுற்றோரிடம் அது உடலிற் தங்கும். சிறுநீரகத்தின் வடிதிறன் 30க்குக் கீழ் இறங்கின் நிறுத்தவும், 45க்குக் கீழ் இறங்கின் அளவைக் குறைக்கவும் வேண்டும். வயிற்றோட்டம், கடுங்காய்ச்சல் முதலிய நீரிழப்புக் காலங்களில் தற்காலிகமாக விலக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை கிரியேற்றினின் பரிசோதனை செய்யாது மாதந்தோறும் குளிசை மட்டும் வழங்கப்படுமாயின், அது பாதி வைத்தியமே.

மொழியின் நிலையைத் தனியே குறிப்பிடல் தகும். மருந்துறையின் மேல் ஒரு நாளைக்கு இருமுறை என்பதற்கும் இரவில் என்பதற்கும் எழுதப்படுவன பெரும்பாலும் லத்தீன் சுருக்கங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ எனப் பெருநூல்களை வெளியிட்டார். வேதியியலுக்கே தமிழிற் பாடநூல் கண்ட நாட்டில், ‘சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்’ என்று உறையில் எழுத முடியாதென்பது ஏற்கத்தக்க சமாதானமன்று.

இப்பகுதிக்கே உரிய சிறப்பான வினா நோன்பு பற்றியது. றமழான் மாதத்தில் விடியுமுன் ஸஹர் உண்டு, பொழுது சாய்ந்தபின் நோன்பு திறக்கும் வரை நீரும் அருந்தாதிருப்பது கடமை. நோயாளிக்கு அக்கடமையிலிருந்து விலக்குண்டு என்பது குர்ஆனின் அல்பகறா அத்தியாயத்திலேயே கூறப்படுவது. எனினும் விலக்கைப் பயன்படுத்துவோர் சிலரே. 13 நாடுகளில் 12,000க்கு மேற்பட்ட நோயாளரிடையே 2001இல் நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுடையோரில் ஏறத்தாழ 79 வீதத்தினர் குறைந்தது பதினைந்து நாள் நோன்பிருந்தமை தெரியவந்தது. அவர்களிடையே கடுமையான சீனித் தாழ்வு ஏனைய மாதங்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்காயிற்று. நோன்பிருக்க வேண்டாம் என்று மட்டும் கூறி அனுப்பிவிடும் வைத்தியத்தின் தோல்வியையே இத்தரவு காட்டுகிறது. நோயாளி வைத்தியரின் சொல்லைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, நோன்பும் பிடித்து, காலைக் குளிசையையும் ஸஹரில் விழுங்கிவிடுகிறார். அன்று மாலை அஸருக்குப் பின், உணவு உண்டு பதினொரு மணித்தியாலத்துக்குமேற் சென்ற நிலையில், கணையத்தைத் தூண்டும் மருந்து தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது.

இங்கே இப்பகுதியின் புவியியல் ஒரு நன்மையை அளிக்கிறது. ஐரோப்பாவில் நோன்பின் நீளம் பருவத்துக்கேற்ப மிகவும் வேறுபடும். கல்முனையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழரைப் பாகையில் உள்ளது. ஆண்டின் எக்காலத்தில் றமழான் வரினும் நோன்பு 13 முதல் 14 மணித்தியாலத்துக்குள் அடங்கும். ஆகவே இக்கரையோரத்துக்கென ஒரே மருந்தட்டவணையை அமைத்துக்கொள்வது எளிது. மாறுவது வெப்பமே. 2014 தொடக்கம் 2016 வரை றமழான் ஜூன், ஜூலை மாதங்களில் வந்தது. அது கச்சான் காற்று நீரை உறிஞ்சும் காலம். சீனியைச் சிறுநீர்வழி வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய குளிசைகள் தனியார் கடைகளிற் பரவிவரும் இந்நாளில், அத்தகைய வெப்பக் காலத்து நோன்பில் நீரிழப்பு தனிக் கவனத்துக்குரியது.

பொதுநெறி கடினமானதன்று. றமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னரே வைத்தியரைக் காணல் வேண்டும். காலையில் உண்ட பெரிய அளவு நோன்பு திறக்கும் வேளைக்கு மாற்றப்படும். ஸஹர் வேளைக்குரியது குறைக்கப்படும். எவ்வளவு குறைப்பது என்பதை மருந்தின் வகையும் சிறுநீரகத்தின் நிலையும் தீர்மானிக்கும். அயல்வீட்டாரின் அனுபவம் தீர்மானிக்கலாகாது. பகலில் விரல்குத்திக் குருதி பார்த்தல் வேண்டும். சீனி 70 மில்லிகிராமுக்குக் குறைந்தாலும் 300க்கு மேற்பட்டாலும் அக்கணமே நோன்பை விடல் வேண்டும். குருதி எடுத்தல் நோன்பை முறிக்கும் எனப் பலர் இன்னும் நம்புகின்றனர். பரிசோதனைக்குக் குருதி எடுப்பதும் தோலின்கீழ் ஊசி ஏற்றுவதும் நோன்பை முறிப்பனவல்ல என 1997இல் ஜித்தாவிற் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி தீர்மானித்துள்ளது. இன்சுலின் ஏற்றுவோர், கடுஞ் சீனித் தாழ்வுக்கு அண்மையில் ஆளானோர், சிறுநீரக நோய் முற்றியோர், நோயுற்ற கர்ப்பிணிகள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுட் பலர்க்கு நோன்பு தகாது. மருந்துறையில் ‘காலை, இரவு’ என்று எழுதுவதற்குப் பதிலாக அம்மாதத்தில் மட்டும் ‘ஸஹர், நோன்பு திறக்கையில்’ என்று எழுதுவது எவ்வளவு சிறிய மாற்றம் என்பதை நிருவாகிகள் சிந்தித்தல் தகும். பள்ளிவாசல்கள் நோன்புக் கஞ்சியை வீடுதோறும் சேர்க்கும் ஒழுங்கைக் கொண்டவை. அதே ஒழுங்கில் இச்செய்தியும் சேரக்கூடும்.

இன்சுலினைப் பற்றிச் சில கூறவேண்டும். அதனைக் குளிரில், 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் விதி. ஆயினும் குளிர்ப்பெட்டி இல்லாமை இன்சுலினை மறுப்பதற்குக் காரணமாகாது. கென்யாவின் அகதி முகாம் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு எல்லையற்ற மருத்துவர் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, 25 முதல் 37 பாகைக்கிடையே ஏறியிறங்கும் வெப்பத்திலும் நான்கு வாரம் வரை அதன் ஆற்றல் குன்றவில்லை எனக் காட்டியது. ஈர மணலில் வைத்த மண்பானை எம்மவர்க்குப் புதியதன்று. அதனினும் பெரிய இடர் அலகு வேறுபாட்டில் உள்ளது. மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட குப்பி இந்தியாவில் இன்னும் வழக்கிலுள்ளது. 100 அலகு கொண்டது பிற நாடுகளில் வழங்குவது. ஒன்றுக்குரிய ஊசிக்குழலால் மற்றையதை ஏற்றினால் அளவு இரண்டரை மடங்காக மாறும். பயணத்தின்போது தமிழகத்தில் மருந்து வாங்குவோர் குப்பியையும் ஊசிக்குழலையும் ஒருங்கே வாங்குதல் வேண்டும்.

2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதுவிலும் காரைதீவிலும் கடலோர வீதிகள் அழிந்தன. வீட்டோடு கிளினிக் கொப்பியும் போயிற்று. தன் மருந்தின் பெயரை அறியாது, ‘வெள்ளைக் குளிசை, சின்னது’ என்று மட்டும் அறிந்திருந்த நோயாளி முகாமில் எதைக் கேட்பார்? அதே பேரலையால் அழிவுற்ற இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு நன்கொடையாய் வந்த மருந்து ஏறத்தாழ 4,000 தொன். அவற்றுட் பெரும்பாலானவை உள்ளூரார் வாசிக்க இயலாத மொழியில் பெயரிடப்பட்டிருந்தன என எல்லையற்ற மருந்தாளர் அமைப்பு கண்டறிந்தது. பெயர் தெரியாத மருந்தை மலைபோற் குவித்தாலும் நோயாளிக்குப் பயனில்லை.

இந்நோயின் பரவலை அளக்கும் முயற்சியிலும் இக்கரையோரம் நெடுங்காலம் விடுபட்டிருந்தது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த முதலாவது பெரிய தேசிய ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினர்க்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. ‘தேசிய’ என்னும் அடைமொழி பெற்ற அவ்வாய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழிலேயே நடந்தது. போரின் காரணமாக வடக்கும் கிழக்கும் நீக்கப்பட்டிருந்தன. 2018, 2019இல் நடந்த பிறிதோர் ஆய்வு வளர்ந்தோரில் ஏறத்தாழ 23 வீதம் என்கிறது. இருவேறு முறைகளால் அளந்தவற்றை நேருக்கு நேர் ஒப்பிடலாகாது. எனினும் தேவைப்படும் குளிசையின் தொகை எத்தகையது என்பதை உணர அவ்வெண் போதும்.

அத்தொகையை இறக்குமதி செய்ய 2022இல் நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டது; விலைகள் உயர்ந்தன. மூன்று வேளையை இரண்டாக்கும் பழைய உத்தி மீண்டும் தலைகாட்டியது. மெதுவாகக் கரையும் வகை மெற்போமினைப் பாதியாக உடைத்து உண்போரும் இருந்தனர். அவ்வகையை உடைத்தால் அது மெதுவாகக் கரைதற்கென அமைந்த கட்டமைப்புச் சிதைந்து, மருந்து முழுவதும் விரைந்து வெளியேறும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வளைகுடாவிலிருந்து பொதிகள் வந்தன. அப்பெட்டிகளிற் கம்பனியின் பெயர் பெரிய எழுத்திலும், அதன் கீழே மருந்தின் உண்மைப் பெயர் சிறிய எழுத்திலும் அச்சிடப்பட்டிருக்கும், ஒரு பக்கம் ஆங்கிலத்தில், மறுபக்கம் அரபியில்.